மூன்று கை மாப்பிள்ளை

கழுத்தில் ஒரு கேமரா தொங்கினால் போதும், மனிதனுக்கு நடையே மாறிவிடும். நின்று பார்க்க வேண்டியதைக் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்துப் பார்ப்பான். எனக்கு அந்த வியாதி இருபத்திரண்டு வயதில் வந்தது. யாரோ சலித்துப்போய் விற்ற ஒரு கேமராவை வாங்கி, இன்ஸ்டாகிராமில் என் பெயரில் ஒரு பக்கம் தொடங்கி, அதன் கீழே ‘ஒளியின் காதலன்’ என்று எழுதிக்கொண்டேன். (ஒளிக்கு என்னைச் சுத்தமாகப் பிடிக்காது என்பது பிறகுதான் தெரிந்தது.) அதுவரை நான் எடுத்திருந்தவை: ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸ் சுவரில் ஓர் அணில், எங்கள் சபையில் இரண்டு ஞானஸ்நானம், மறுபடியும் அதே அணில்.

அந்தச் சமயத்தில்தான் பிரிசில்லா அக்காவுக்கு அம்பத்தூரிலிருந்து ஒரு வரன் வந்தது. ஜோஸ்வா என்று பெயர். ஒரு கம்பெனியில் டிசைன் இன்ஜினியர். பெண் பார்க்க வந்த அன்று நான் பரீட்சை எழுதப் போயிருந்தேன். அக்காவுக்கு அவரைப் பிடித்துவிட்டது என்பது, சாப்பிட்டு முடித்ததும் அவள் என் தட்டையும் சேர்த்துக் கழுவியதிலிருந்து தெரிந்தது. பாட்டு முணுமுணுத்துக்கொண்டே கழுவினாள்.

எல்லாம் கூடிவரும் நேரத்தில் லில்லி அத்தை அப்பாவுக்குப் போன் செய்தார். “அண்ணே, பையன் ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஏதோ பேண்டுல வாசிக்கிறானாமே, தெரியுமா?”

அப்பா தொழிற்சாலையில் ஃபோர்மேன், சபைப் பாட்டுக்குழுவில் மூத்த குரல். அவருக்குத் தெரிந்த பேண்டுகளில் ஒன்று கல்யாண ஊர்வலத்தில் போகும், மற்றது சவ ஊர்வலத்தில் போகும்.

“இதுல இவன் எதுடா?” என்று என்னிடம் கேட்டார்.

“ரெண்டும் இல்லப்பா. கிட்டார், டிரம்ஸ்லாம் வெச்சு ஒரு ஹால்ல வாசிப்பாங்க.”

“சர்ச் ஹாலா?”

“இல்ல, காபி ஷாப் மாதிரி.”

“லைட்டு இருக்குமா?”

“கொஞ்சம் டிம்மா இருக்கும்.”

‘டிம்’ என்ற சொல் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. என் கேமராவை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பையன் உன்னப் பாத்ததில்ல இல்ல? போட்டோ புடிக்கிறவன் மாதிரி போ. எடம் எப்பிடி, வர்ற ஜனம் எப்பிடி, இவன் குடிக்கிறானா, எல்லாத்தையும் எடுத்தாந்து காட்டு.”

‘போட்டோ பிடிக்கிறவன் மாதிரி’ என்றது கொஞ்சம் வலித்தது. ஆனாலும் இது என் முதல் அசைன்மென்ட். ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது அக்கா கேட் வரை வந்தாள்.

“ஒழுங்கா எடுடா. அவரு நல்லவராத் தெரியணும்.”

“நல்லவராத்தானேக்கா இருப்பாரு?”

“இருக்கறது வேற. தெரியணும்.”

இடம் அம்பத்தூரில், டூவீலர் உதிரிபாகக் கடைக்கு மாடியில் இருந்தது. சுவர், கூரை, மேடை எல்லாவற்றுக்கும் கறுப்புப் பெயின்ட். மேடைக்கு ஒரு சிவப்பு விளக்கு. அதற்கும் உடம்பு சரியில்லை போலிருந்தது. நாற்பது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து காபியும் லெமன் சோடாவும் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குடும்பம் தூங்கும் கைக்குழந்தையோடு வந்திருந்தது. ஓரமாக வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார்கள். இதைவிட ஒழுக்கமான இடத்தை நான் பார்த்ததில்லை.

ஜோஸ்வாவை உடனே கண்டுபிடித்துவிட்டேன். பேஸ் கிட்டார், நான்கு தடித்த கம்பிகள். நெடுநெடுவென்று நின்று, கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார்.

முதல் படம் எடுத்தேன். கறுப்பு. இரண்டாவது, இன்னும் நல்ல கறுப்பு. லென்ஸ் மூடியைக் கழற்றவில்லையோ என்று பார்த்தேன். (கழற்றியிருந்தேன். அதுதான் அவமானம்.) ஐஎஸ்ஓவைக் கூட்டினால் இருட்டிலும் படம் வரும் என்று எங்கோ படித்திருந்தேன், கூட்டினேன். வந்தது. ஆனால் எல்லார் முகத்திலும் ரவையை அள்ளிக் கொட்டியதுபோல் வந்தது. கடைசி ஆயுதமாக ஃபிளாஷைத் தூக்கினேன்.

பளீர்!

டிரம்மரின் கையிலிருந்த குச்சி எகிறி, பஜ்ஜிக் கடாய்க்குப் பக்கத்தில் போய் விழுந்தது. பாட்டு தடுமாறி நின்றது. தாடி வைத்த பாடகர் மைக்கிலேயே கேட்டார்: “யார்ப்பா அது, உள்ள வந்து மின்னல் உட்றது? டிரம்ஸு பையன் பயந்துகினான் பாரு.”

நாற்பது தலைகள் திரும்பின. கைக்குழந்தை எழுந்துகொண்டது. ஃபிளாஷை மடக்கிவிட்டு ஷட்டரை மெதுவாக்கினேன். அதாவது, கேமரா கண்ணைத் திறந்துவைத்து அதிக நேரம் பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் வெளிச்சம் கூடும். அந்த நேரத்துக்குள் எதிரில் இருப்பவர் அசைந்தால் என்ன ஆகும் என்று விளக்கிய வீடியோவை நான் பாதியிலேயே நிறுத்தியிருந்தேன். கேமராவின் சின்னத் திரையில் பார்க்க எல்லாம் அழகாகவே தெரிந்தது. ஒரே குறை, மாப்பிள்ளையின் கண். எந்தப் படத்திலும் திறக்கவில்லை. அக்கா சொன்னது காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. கண்ணை மூடியிருப்பவர் எப்படி நல்லவராகத் தெரிவார்?

மேடைக்குக் கீழே முட்டி போட்டுக் கை ஆட்டினேன். அவர் பார்க்கவில்லை. ‘சார், சார்’ என்று கத்தினேன். ஸ்பீக்கர் அதைத் தின்றுவிட்டது. டிரம்ஸ் உச்சத்துக்குப் போனது. நானும் அடிவயிற்றிலிருந்து என் உச்சத்துக்குப் போனேன்.

அந்தப் பாட்டில் ஓரிடத்தில் எல்லாரும் சட்டென்று வாசிப்பதை நிறுத்திவிட்டு, ஒரு மூச்சு விட்டு, மறுபடி ஆரம்பிப்பார்கள். எனக்கு அது தெரியாது. ஊசி விழுந்தால் கேட்கும் அந்த மௌனத்தில் என் குரல் மட்டும் கூரையில் போய் முட்டியது:

“கண்ணத் தெறங்க மாமா!”

மறுபடி ஆரம்பிக்க வேண்டியவர்கள் ஆரம்பிக்கவில்லை.

“இன்னாது, மாமாவா?” என்றார் பாடகர். “யாரு நைனா நீ? இங்க யாரு உனுக்கு மாமா?”

“சும்மா... மாமேன்னு சொன்னேண்ணா.”

“மாமேன்னா ‘தெறடா’ன்னு தானே வரணும்? ‘தெறங்க’ன்னு இன்னாத்துக்கு இம்மாம் மரியாத?”

நான் கேமராவைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன். ஜோஸ்வா கண்களை அகலத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்று முழுவதும் நான் காத்திருந்த முகம் அதுதான். பட்டனை அழுத்த மறந்துவிட்டேன்.

இடைவேளையில் அவரே இறங்கி வந்தார். “பிரிசில்லா தம்பியா? மூக்கு அப்பிடியே இருக்கு,” என்று சொல்லி ஒரு காபி வாங்கிக் கொடுத்தார். “அப்பா அனுப்பிச்சாரா, மச்சான்?”

இல்லை என்று தலையாட்ட நினைத்தேன். தலை ஆமாம் என்று ஆடிவிட்டது.

அவர் கோபப்படவில்லை. கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “வாசிக்கறத விட்டுடணும்னு சொல்லுவாரோ? எனக்கு வாரத்துல இது ஒண்ணுதான். உங்கக்காவையும் ரொம்பப் புடிச்சிருக்கு. எதையாவது ஒண்ணத்தான் வெச்சுக்கோன்னு சொல்லிட்டா...” என்று நிறுத்தினார்.

காபியைக் கீழே வைத்தேன். “கவலைப்படாதீங்க மாமா. என் போட்டோ பேசும்,” என்றேன்.

பேசியது. மறுநாள் மாலை அப்பா மெமரி கார்டை டிவியில் போடச் சொன்னார். குடும்பமே வரிசையாக உட்கார்ந்தது. என் கையளவு திரையில் அழகாக இருந்தவை சுவரளவுக்குப் பெரிதாகி வந்தன. எங்கும் ஒரே இரத்தச் சிவப்பு. பஜ்ஜிக் கடாயிலிருந்து எழுந்த புகை நடுவில், வாயைப் பிளந்தபடி, ஃபிளாஷில் வெளுத்துப்போன டிரம்மர். லெமன் சோடா கிளாஸ் ஒன்று, சோடாவைத் தவிர வேறு எல்லாமாகவும் தெரிந்தது. கைக்குழந்தைக் குடும்பத்தையும் எடுத்திருந்தேன். அது கறுப்புப் படங்களில் ஒன்று.

“ஆண்டவரே,” என்றார் அம்மா. “நரகம் மாதிரியே இருக்கே.”

அடுத்து மாப்பிள்ளை வந்தார். மூடிச் சொருகிய கண். வாய் ஒரு பக்கம் கோணல். கிட்டாரின் மேல் ஒரு கை, அதன் கழுத்தில் ஒரு கை, நடுவே ஆவிபோல் இன்னொரு கை.

அப்பா எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் எண்ணினார். “நாலு கம்பிதானே இருக்கு. இதுக்கு எதுக்குடா மூணு கை?”

“ஷட்டர் ஸ்லோ பண்ணேன்பா. அவரு அசைஞ்சிட்டாரு.”

“அவன் அசைஞ்சானா, தள்ளாடினானா? கண்ணப் பாரு.”

“அது உணர்ச்சிப்பா.”

“எந்த உணர்ச்சி? பாட்டுல வர்றதா, பாட்டில்ல வர்றதா?”

அக்கா என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் என்னால் விவரிக்க முடியாது. அழுவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து டிவியை அணைத்தாள். “அப்பா, இவன் எடுத்தா உங்களுக்கும் மூணு கை வரும். அடுத்த ஞாயித்துக்கெழம நேர்ல போறோம். பாத்துட்டு நீங்க வேணாம்னு சொல்லுங்க, கேட்டுக்கறேன். இந்தக் கருமத்தப் பாத்துட்டு சொல்லாதீங்க.”

அவள் அப்பாவிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அப்பாவும் கேட்டதில்லை போலும். சரி என்றுவிட்டார்.

அடுத்த ஞாயிறு ஆராதனைக்குப் போட்ட துணியிலேயே நால்வரும் ஆவடியில் ரயில் ஏறினோம். கேமராவை அக்கா பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தாள். அப்பா ஒரு மஞ்சள் பை வைத்திருந்தார். அதில் என்ன இருக்கிறது என்று ஹாலில் முன்வரிசையில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. என் படங்களைப் பார்த்து, அங்கே கண்ணே தெரியாது என்று முடிவுகட்டி, மெஷினுக்கு அடியில் படுத்துப் பார்க்கும் முழ நீள டார்ச் லைட்டைக் கொண்டுவந்திருந்தார்.

இரண்டாவது பாட்டின் நடுவே அதை எடுத்து நேராக மாப்பிள்ளையின் முகத்தில் அடித்தார்.

“அண்ணாத்தே, லைட்ட எறக்கு! கண்ணு பூடும்!” என்று அலறினார் பாடகர். என்னைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. “ஓ, மாமா பார்ட்டியா? முழு குடும்பமும் வந்துகினீங்களா?”

ஜோஸ்வா அந்த வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அப்பாவைப் பார்த்துத் தலைவணங்கினார். வாசிப்பதை மட்டும் நிறுத்தவில்லை. அப்பா டார்ச்சைக் கண்ணில் கொஞ்ச நேரம், கையில் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு அணைத்தார். அதன்பின் கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டார். நடுவில் ஒரு லெமன் சோடாவை மோந்து பார்த்துவிட்டுக் குடித்தார்.

திரும்பும் ரயிலில், திருமுல்லைவாயில் தாண்டியதும் அப்பா வாயைத் திறந்தார். “அந்த டிரம்ஸ்காரன் ஒரே ஓட்டமா ஓடறான். அந்தத் தாடி இஷ்டத்துக்கு இழுக்கறான். நம்ம பையன்தான் ரெண்டு பேரையும் புடிச்சுப் புடிச்சு நிறுத்தறான். ஒருத்தன் மேலயும் கோவப்படல.” கொஞ்சம் யோசித்தார். “வாசிக்கட்டும். விட்டுட்டா கையி சும்மா இருக்காது.”

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டே வந்தார்.

கல்யாணத்தில் எனக்குத் தரப்பட்ட வேலை ஐஸ்கிரீம் கவுண்டரைப் பார்த்துக்கொள்வது. கேமரா உள்ளவர்களிடமிருந்து பத்தடி தள்ளி நிற்க வேண்டும் என்று அக்கா எச்சரித்திருந்தாள். ஆனால் அவர்கள் திருநின்றவூரில் வீடு எடுத்துப் போனதும், மாமா அந்த மூன்று கைப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டிவிட்டார். வீட்டுக்கு வருகிறவர்கள் எண்ணிப் பார்க்காமல் போவதில்லை. பாத்திரம் துலக்கச் சொன்னால் மாமாவால் மறுக்கவும் முடிவதில்லை. “மூணு கை இருக்குல்ல, ஒண்ண இங்க குடுங்க” என்பாள் அக்கா.

போன மாதம் அவர்கள் மகள் ஜெமிமா, யு.கே.ஜி. படிக்கிறவள், பள்ளியில் ‘என் குடும்பம்’ வரைந்தாள். அதில் அவள் அப்பாவுக்கு மூன்று கை. அவளுடைய மிஸ் பக்கத்தில் உட்கார வைத்து, மனிதர்களுக்கு இரண்டு கைதான் என்று பொறுமையாக எண்ணிக் காட்டியிருக்கிறார்.

“தெரியும் மிஸ்,” என்றாளாம் அவள். “எங்க மாமா போட்டோ எடுத்தா மூணு வரும்.”