வளையத்தை அறுத்தது யார்?

"மறுபடியும் சுருட்டிக்கிச்சு!" என்று வெனெதிக்த் அர்சென்யெவிச் தலையில் அடித்துக்கொண்டார்.

அவருடைய ஆய்வுக்கூட மேஜையில், கண்ணாடித் தட்டிலிருந்த சிவப்புக் கரைசலில் நீல வளையங்கள் தாமாக முளைத்து விரிய வேண்டும். லேசாகக் காற்றுப் பட்டாலே வளையம் அறுந்துவிடும். அறுந்த முனை நத்தை ஓடு மாதிரிச் சுருண்டு சுழன்று, மிச்ச வளையங்களையும் தின்றுவிடும். குலையாத வளையங்களின் படம் வியாழக்கிழமை மாஸ்கோவுக்குப் போகாவிட்டால் இந்த ஆய்வு பக்கத்து அறைக்காரர்களுக்குப் போய்விடும். மனைவி விட்டுப்போய் இரண்டு குளிர்காலம் ஆகிறது. அவருக்கென்று மிஞ்சியது இந்தத் தட்டு ஒன்றுதான்.

"ஜன்னல் காத்துதான்!" என்றார். ஓகா நதிக்கரையிலிருக்கும் அந்த ஊரில் ஜலதோஷம் முதல் விவாகரத்து வரை எல்லாப் பழியும் ஜன்னல் இடுக்குக் காற்றின் மேல்தான் விழும். மாவுப் பசை காய்ச்சி, காகிதப் பட்டை ஒட்டி இடுக்கையெல்லாம் அடைத்தார்.

ஒன்றாக இருந்த சுருள் இரண்டானது.

அடுத்து எதிர் மேஜைக்காரன் க்லேப். "நீ சிரிச்சா என் மேஜை ஆடுதுப்பா."

"நானும் போயிட்டா இந்த ரூம்ல யாரு சிரிப்பா? நீங்களா?" என்று சதுரங்கப் பலகையைத் தூக்கிக்கொண்டு க்லேப் கீழ்த்தளத்துக்குப் போய்விட்டான்.

ஐந்து சுருள்.

மிச்சமிருந்தது தரை துடைக்கும் கிளாஷா அத்தை. தினமும் நாலு மணிக்கு டீயும் மருமகள் புராணமுமாக வருவாள்.

"அத்தை, வியாழன் வரைக்கும் உள்ள வராதீங்க. நீங்க பேசினா காத்து கிளம்புது."

"பின்னே, வாயத் தொறந்தா புகையா வரும்?" என்று அவள் வாளியை நங்கென்று வைத்துவிட்டு வெளியேறினாள்.

தட்டை மூடலாமென்றால் மூடியில் ஆவி படிந்து படம் மங்கிவிடும். கதவிடுக்கில் கந்தையைத் திணித்துவிட்டு, தட்டின் மேல் குனிந்து உட்கார்ந்தார். நாலு மணி ஆயிற்று. டீ வரவில்லை. க்லேப்பின் அசட்டுச் சிரிப்புக்குக்கூட மனம் ஏங்கியது. தட்டு முழுக்கச் சுருள்கள், எண்ணவே முடியவில்லை.

வியாழன் காலை, மாஸ்கோ பஸ் கிளம்பக் கால்மணி இருக்கும்போது கதவை உதைத்துத் திறந்தார். வராந்தாவில் கிளாஷா அத்தை துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கட்டடத்துல எவனோ என் தட்டுல ஊதுறான், அத்தை! எவன்னு மட்டும் தெரிஞ்சா..."

அவள் துணியை நிதானமாகப் பிழிந்தாள்.

"நேத்துலேர்ந்து கதவுக்கு வெளிய நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், வெனெதிக்த் அர்சென்யெவிச். அது எவனும் ஊதறதில்ல. நீங்க விடுற பெருமூச்சு."