லாரமி தாண்டியதும் வாலாட்டிய வண்டி

அன்புள்ள மைத்துனர் டுவேன் அவர்களுக்கு,

வயோமிங் மாநிலம் ராலின்ஸ் ஊர் டிரெய்லர் நிறுத்தத்திலிருந்து வெர்னன் எழுதுவது. நானும் உங்கள் தங்கை லோரீனும் உயிரோடு இருக்கிறோம். இது உங்களுக்கு மகிழ்ச்சியான செய்தியா, ஏமாற்றமான செய்தியா என்று எனக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் பெண் கெண்ட்ராவின் கல்யாணத்துக்கு நெப்ராஸ்காவிலிருந்து ஐடஹோ வரை சொகுசாக வாருங்கள் என்று வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கிற, கட்டிலும் அலமாரியும் உள்ள உங்கள் டிரெய்லரை நீங்களாகவே கொண்டுவந்து எங்கள் வாசலில் விட்டுவிட்டுப் போனீர்கள். நான் கேட்கவே இல்லை. வேலைக்காலம் முழுக்க எடை, அளவு ஆய்வாளராக இருந்தவன் நான். கேட்காமலே ஒருவன் கொசுறு போட்டால் அவன் தராசைத்தான் முதலில் பார்ப்பேன். ஆனால் மைத்துனராயிற்றே என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

டிரெய்லரை என் வண்டியோடு இணைக்கும் கொக்கியை மாட்டிக் கொடுத்த கடைக்காரன் மீதும் எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. ஆட்டத்தைத் தடுக்க ஒரு கம்பியைப் பூட்டிவிட்டு, “சாமானெல்லாம் எந்தப் பக்கம் ஏத்தப் போறீங்க?” என்று சிரித்துக்கொண்டே கேட்டான். என் சாமான் எங்கே இருக்கிறது என்பது அவனுக்கு எதற்கு? திருடனுக்குத் துப்புக் கொடுக்கவா? “எல்லாம் முன்னாலதான்” என்று பொய் சொன்னேன். உண்மையில் மாப்பிள்ளைக்கு வாங்கிய பரிசு டிரெய்லரின் வால் கோடியில், கட்டிலுக்கு அடியில் இருந்தது. பையன் குதிரைக்கு லாடம் அடிக்கிறவன் அல்லவா, லாடத்தை வைத்து அடிக்க அவனுக்கென்று ஒரு நல்ல, கனமான இரும்புப் பட்டடை. லோரீன் பார்த்தால், “கல்யாணத்துக்கு யாராவது பட்டடை குடுப்பாங்களா?” என்று கேட்பாள் என்றுதான் மறைத்து வைத்தேன். அவளும் எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, பின்பக்க அலமாரி நிறைய பீச் பழ ஜாம் ஜாடிகளை அடுக்கியிருந்தாள். பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். தானியக் கிடங்குத் தராசில் ஏற்றி மொத்த எடை பார்த்தேன், வரம்புக்குள்தான் இருந்தது. ஆகவே குற்றம் சாமானில் இல்லை. டிரெய்லரில் இருக்கிறது. அதாவது, உங்களிடம்.

லாரமி தாண்டி ஓர் இறக்கம். காற்றோ பக்கவாட்டில் அறைகிறது. பெரிய லாரி ஒன்று எங்களை முந்தியது. வேண்டுமென்றேதான் முந்தினான், ஓட்டுநரின் முகத்தைப் பார்த்தேன். முதலில் டிரெய்லரை அந்தப் பக்கம் தள்ளினான், பிறகு இந்தப் பக்கம் இழுத்தான். அவ்வளவுதான், உங்கள் டிரெய்லர் வாலை ஆட்ட ஆரம்பித்தது. அது ஆட, அதை இழுத்த என் பிக்கப் வண்டி ஆட, ஸ்டியரிங் ஆட, நான் பிரேக்கில் ஏறி நின்றேன். ஆட்டம் இரண்டு மடங்காயிற்று. கண்ணாடியில் பார்த்தால் டிரெய்லர் எங்களை முந்திக்கொண்டு கல்யாணத்துக்குப் போகப் பார்க்கிறது.

“பிரேக்க விடு வெர்ன்!” என்று லோரீன் கத்தினாள்.

“விட்டா செத்துடுவோம்டி!”

“மிதிச்சாத்தான் சாவோம்! கால எடு! ஸ்டியரிங்க நேரா புடி, அதோட சண்ட போடாத!”

சொல்லிக்கொண்டே என் முழங்காலுக்கு மேலே எட்டி, டிரெய்லருக்கு மட்டும் பிரேக் பிடிக்கிற அந்தச் சின்ன நெம்புகோலை அழுத்தினாள். பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்தது போல வால் நேராகிவிட்டது. ஓரம் கட்டினோம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், நானும் விடவில்லை.

இங்கே வந்து சேர்ந்ததும், காற்று பலமாக அடிப்பதால் சாலையை மூடிவிட்டார்கள். லோரீன் வண்டியைச் சுற்றி வந்தாள்.

“மூக்கத் தூக்கிட்டு நிக்குது பாரு. கொக்கி மேல பாரமே இல்ல. பின்னாடி என்னத்த வச்சிருக்க?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததுதான் வால இழுத்துச்சா?”

“உன் ஜாடியெல்லாம் எங்க இருக்கு, அதச் சொல்லு மொதல்ல.”

அவள் சட்டென்று குனிந்து டயரை ஆராய ஆரம்பித்தாள். அதுவே சந்தேகத்துக்கு இடமானது.

டுவேன், நேராகவே கேட்கிறேன். இத்தனை வருடம் வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னியவளுக்கு அந்த நெம்புகோல் எப்படித் தெரியும்? யார் சொல்லிக் கொடுத்தது? இது ஆடும் என்று உங்கள் இருவருக்கும் முன்பே தெரியுமா? கல்யாணத்தில் பெண்ணைக் கைப்பிடித்து அழைத்துப் போக நான் வராவிட்டால், அடுத்த உரிமை தாய்மாமனுக்கு என்பதை நான் மறந்துவிடவில்லை. உடனே ராலின்ஸுக்கு வந்து உங்கள் சொத்தை எடுத்துச் செல்லுங்கள். நாங்கள் பஸ்ஸில் வருகிறோம்.

உங்கள் மனைவி மேவிஸுக்கு என் வணக்கம். அவர் மீது எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை, இப்போதைக்கு. உங்கள் நொண்டிக் குதிரைக்குக் கால் குணமாக வேண்டிக்கொள்கிறேன். கடவுள் உங்களை நன்றாக வைத்திருக்கட்டும், பதில் சொல்லும் வரையிலாவது.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்,
வெர்னன் ஸ்டக்கி

பின்குறிப்பு: லோரீன் இதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் அளவுக்குச் சிரித்தாள். எங்கள் கல்யாணத்துக்கு முன்பு உங்கள் அப்பாவின் குதிரை டிரெய்லரை இதே காற்றில், சந்தை சந்தையாக இழுத்துப் போனவள் அவள்தானாம். “ஏன்டி இத்தன நாளா சொல்லல?” என்றேன். “நீ எப்ப கேட்ட?” என்றாள். பட்டடையையும் ஜாடிகளையும் இருவருமாக முன்பக்கம் மாற்றிவிட்டோம். பட்டடை நன்றாக இருப்பதாகவே சொன்னாள். சாலை திறந்துவிட்டது. நீங்கள் வர வேண்டாம். டிரெய்லரையும் தருவதாக இல்லை, அடுத்து அலாஸ்கா போகலாம் என்கிறாள். மேலே எழுதியதைப் படிக்காமல் நேரே இந்தப் பின்குறிப்புக்கு வந்துவிடுங்கள். இப்போது அவள்தான் ஓட்டுகிறாள். மடியில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். சற்று முன் பெரிய லாரி ஒன்று எங்களை முந்திப் போயிற்று. ஆனால் பாருங்கள், ஓர் எழுத்துகூடக் கோணவில்லை. அதுதான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.