பிளாஸ்டிக் தாளில் அலையடித்த கதை

படம் மறுபடியும் அலையடித்தது.

ஆராய்ச்சியாளர் திரையை முறைத்தார். மேசைமேல் இருந்த பாலிமர் படலம் வழவழவென்று இருக்க வேண்டியது. அதன்மேல் ஊர்ந்து மேடு பள்ளம் பார்க்கும் ஊசியோ ஒரு கடலையே வரைந்து வைத்திருந்தது. தலைமுடியைப் பத்தாயிரமாகப் பிளந்தாலும் ஒரு துண்டின் கனத்தைச் சொல்லிவிடும் ஊசி அது. பக்கத்து அறையில் யாராவது பெருமூச்சு விட்டால்கூடக் கண்டுபிடித்துவிடும்.

ஐந்து மணிக்குள் ஒரு நல்ல படம் வேண்டும். இல்லையென்றால் கருவி வேறொருவருக்குப் போய்விடும். ஐந்து வருட உழைப்பு அந்தரத்தில் நிற்கும்.

"ஏசிதான் அதிருது," என்று அதை அணைத்தார். வியர்த்தது. அலை பெரிதானது.

"அண்ணே, லிப்டைக் கொஞ்சம் நிறுத்துறீங்களா?"

"உங்களுக்கு இல்லாததா தம்பி!"

லிப்ட்காரர் நிறுத்தியதோடு விடவில்லை. மூட்டுவலிக்கார மேலாளரை முதுகில் தூக்கிக்கொண்டு, செருப்புச் சத்தம் ஆகாதென்று வெறுங்காலோடு நான்கு மாடி ஏறினார். நம்பினால் நம்புங்கள்.

அலை இன்னும் பெரிதானது.

மேல்மாடியில் தட்டச்சு செய்யும் அம்மா கீபோர்டுக்கடியில் தலையணை வைத்தார். தும்மல் வந்தபோது தெருவுக்கு ஓடித் தும்மிவிட்டு வந்தார்.

அலை மலையானது.

"பாருங்கக்கா, உங்க வாளித் தண்ணியே தளும்புது! கட்டடமே ஆடுது!"

தரை துடைக்கும் அக்கா வாளியைப் பார்த்தார். மேசைக்கடியில் பார்த்தார். "தம்பி, அது..."

"ஷ்ஷ்! ஊசிக்குக் கேட்டுடும்."

நாலரை ஆனது. ஆராய்ச்சியாளர் கடைசியாக ஒருமுறை ஊசியை ஓடவிட்டு எழுந்தார்.

"படம் வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். எனக்காக இத்தனை பேர் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்காங்க. ஒரு நன்றி சொல்லலேன்னா நான் மனுஷனா?"

மாடி மாடியாக ஏறிக் கைகூப்பினார். தட்டச்சு அம்மா கண் கலங்கினார்.

"முதுகு எப்படிண்ணே இருக்கு?"

"முதுகுக்கென்ன தம்பி? மேலாளர்தான் நாளைக்கும் வரச் சொல்றாரு."

திரும்பி வந்தால், திரையில் படலம் கண்ணாடி மாதிரி கிடந்தது! ஆராய்ச்சியாளர் திரையைத் தொட்டுக் கும்பிட்டார்.

"அக்கா, எவ்வளவு நல்ல மனுஷங்க! எல்லாரும் எனக்காக அசையாம இருந்திருக்காங்க!"

அக்கா வாளியைத் தூக்கினார்.

"யாரு அசையாம இருந்தா? நீங்க போனதும் புழுக்கம் தாங்காம ஏசியப் போட்டேன். நீங்க நன்றி சொன்னதும் வேலை முடிஞ்சுதுன்னு லிப்ட ஓட்ட ஆரம்பிச்சுட்டாங்க. நானும் தரைய அழுத்தித்தான் தொடச்சேன். மேசைக்கடியில காலாட்டத்தான் ஆளில்ல."