அர்த்தநாரி வைத்த அட்டை

வெண்ணந்தூர் அர்த்தநாரிக்கு உலகத்தில் பயம் என்று ஒன்று உண்டென்றால் அது ஊசிதான். விசைத்தறிப் பட்டறை முதலாளி. அவர் ஒரு சத்தம் போட்டால் ஓடுகிற தறிகூட ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் ஓடும். மீசையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அது தனி ஆள். அப்பேர்ப்பட்டவர் தடுப்பூசி போட்ட காலத்தில் பஞ்சைப் பார்த்தே மயங்கி விழுந்தார். ஊசி அப்போது உறையை விட்டே வெளியில் வரவில்லை.

அந்த மனுஷனிடம் போய் ராசிபுரத்து டாக்டர் சொன்னார்:

"சக்கரை எக்கச்சக்கமா இருக்குதுங்க. வெறும் மாத்திரைக்குக் கட்டுப்படாது. தினமும் வெடியால ஒரு மணி நேரம் நடங்க. மூணு மாசம் பாக்கலாம். கொறையலீன்னா இன்சுலின்தான்."

"அப்படீன்னா?"

"ஊசி. தினமும்."

"தினமும் யாருங்க வந்து போடுவாங்க?"

"நீங்களேதான் போட்டுக்கோணும்."

அர்த்தநாரி நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வெளியே வந்ததும் மனைவி சௌந்திரத்திடம் நடுத்தெருவில் சபதம் செய்தார். "நாளையில இருந்து நடக்கறேன் பாரு. மழையோ வெயிலோ, இந்த அர்த்தநாரி நடந்தா நடந்ததுதான்!"

"சரிங்க" என்றாள் சௌந்திரம்.

சௌந்திரத்தின் 'சரிங்க'வில் பல ரகம் உண்டு. எந்த 'சரிங்க' எதற்கு என்று பிரித்துப் பார்க்க அர்த்தநாரிக்கு இந்த ஜென்மத்தில் வரவில்லை.

முதல் நாள் நிஜமாகவே நடந்தார். இரண்டாம் நாள் கால் வலித்தது. மூன்றாம் நாள்தான் நடைப்பயிற்சியில் இருக்கிற அடிப்படைக் கோளாறு அவருக்குப் புரிந்தது. அதை விடியற்காலையில் வைத்திருக்கிறார்கள். தூக்கமும் அப்போதுதான் சுகமாக வருகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்குமா? ஆகவே முன்வாசல் வழியாகக் கையை வீசிக்கொண்டு போனார், பட்டறையைச் சுற்றிக்கொண்டு பின்கதவு வழியாக உள்ளே வந்தார், நூல் மூட்டை மேல் படுத்தார். பொழுது நன்றாக விடிந்ததும் குழாயில் தண்ணீரைப் பிடித்துச் சட்டையில் தெளித்துக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

"ஸ்ஸ்... அப்பாடா! ரோடு ரோடா நடந்தேன் புள்ள!"

ஒரு வாரம் நன்றாகத்தான் போயிற்று. எட்டாம் நாள் காபி கொடுக்காமல் டிவியைப் போட்டாள் சௌந்திரம். நூல் திருட்டுக்குப் பயந்து பட்டறையிலும் அதன் ஆபீஸ் அறையிலும் வாசலிலும் கேமரா மாட்டியிருந்தார்கள். மாட்டியது அர்த்தநாரிதான். அதை ஓட்டத் தெரிந்தது சௌந்திரத்துக்கு மட்டும்தான்.

"ஏனுங்க, நூல் மூட்ட மேல ஒரு ஆள் படுத்துட்டிருக்குதுங்களே, யாருன்னு தெரியுதுங்களா?"

அர்த்தநாரி கிட்டே போய்ப் பார்த்தார். "என்னையாட்டத்தான் தெரியுது. ஆனா நான் இத்தன குண்டு இல்லியே?"

"குழாயில மொகத்தக் கழுவாம சட்டையக் கழுவுதுங்களே?"

"பாவம், என்ன கஷ்டமோ."

"நாளைக்கு அந்த ஆளக் கண்டா, சௌந்திரம் தெனமும் பொழுதோட ரெக்கார்டு போட்டுப் பாப்பான்னு சொல்லிப்போடுங்க."

மானம் போயிற்று. மானம் போனால்கூடப் பரவாயில்லை, தூக்கமும் போயிற்று. மறுநாளிலிருந்து நிஜமாகவே நடக்க வேண்டியதாயிற்று. கெரகம்! சொந்தக் காசில் வாங்கி மாட்டிய கேமரா சொந்தக்காரனையே வேவு பார்க்கிறது. இதை விட்டுவைக்கலாமா?

ராசிபுரத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் குமரகுருவைத் தேடிக்கொண்டு போனார். குமரகுரு சௌந்திரத்துக்குச் சித்தப்பா மகன். அந்த விஷயத்தை அர்த்தநாரி கொஞ்சம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

"வாங்க மாமா! அக்கா சௌக்கியமா?"

"சௌக்கியத்துக்கென்ன மாப்ள. அது கெடக்குது, இந்தக் கேமராப் பொட்டி ரெக்கார்டெல்லாம் எங்க போய் உக்காருது?"

குமரகுரு மேஜை மேல் கிடந்த ஒரு ஹார்ட் டிஸ்க்கைப் புரட்டிக் காட்டினான். அடியில் ஒரு பச்சைப் போர்டு. நட்சத்திர வாய்த் திருகாணிகளைக் கழற்றிப் போர்டைத் தூக்கினான்.

"இந்த டப்பாக்குள்ளதான் மாமா எல்லாம் பதியும். ஆனா டப்பாக்கும் போர்டுக்கும் நடுவுல ஒயர் கெடையாது. இந்தப் பக்கம் குட்டிக் குட்டியாக் கம்பி நீட்டிட்டிருக்குது பாருங்க, ஸ்பிரிங்காட்டம். அது போர்டுல இருக்கற இந்தப் பளபளப்புப் புள்ளியத் தொடோணும். தொட்டா ஓடும், தொடாட்டிச் செத்துப்போச்சும்பாங்க. பாதி டிஸ்க்குச் சாகறதே இல்லீங்க. இந்த எடத்துல களிம்பு ஏறியிருக்கும். பென்சில் அழிக்கற ரப்பர்ல நல்லாத் தேச்சு மாட்டுனா எந்திரிச்சுக்கும்."

அர்த்தநாரியின் மீசை துடித்தது. "அப்ப, சும்மா பேச்சுக்கு... நடுவுல ஒரு காயிதம் கீயிதம் மாட்டிக்கிச்சுன்னா?"

"டிஸ்க்கு ஓடாது."

"எடுத்துப்போட்டா?"

"மறுபடியும் ஓடும். ஏன் மாமா?"

"சும்மாதான். பொது அறிவு. அந்தத் திருப்புளி ஒண்ணு குடு மாப்ள, ஊட்டுல ஒரு சாமான் கழட்டோணும்."

வெள்ளிக்கிழமை சௌந்திரம் கோயிலுக்குப் போன நேரத்தில் காரியத்தில் இறங்கினார். பட்டறை ஆபீஸ் அறையில் நின்று, சேலை டிசைனுக்குத் தறியில் கோத்து ஓட்டுகிற ஜக்கார்டு அட்டைக் குவியலிலிருந்து பழைய அட்டை ஒன்றை உருவினார். காகிதம் கிழிந்துவிடும், அட்டை என்றால் ஆயுசுக்கும் இருக்கும் என்பது அவருடைய கணக்கு. மூக்குக் கண்ணாடியைத் தேடப் பொறுமையில்லை. ஓரத்தில் கத்தரியை விட்டு ஒரு துண்டு நறுக்கினார். அப்புறம் ஸ்டூல் மேல் ஏறி, சுவிட்சை அணைத்து, பெட்டியை இறக்கி, டிஸ்க்கைப் புரட்டி, போர்டைக் கழற்றி, கம்பிகள் தொடுகிற இடத்தில் துண்டைச் செருகித் திருகாணிகளை இறுக்கி முடுக்கி, பெட்டியை ஏற்றி மறுபடியும் சுவிட்சைப் போட்டார். வேர்த்து ஊற்றியது. இந்தத் தடவை நிஜ வேர்வை.

மறுநாள் சாயங்காலம் பொழுதோடு சௌந்திரம் ரிமோட்டும் கையுமாக நின்றாள். "ஏனுங்க, நேரடிப் படம் மட்டுந்தான் தெரியுது. நேத்து வெள்ளிக்கிழமையில இருந்து ரெக்கார்டு ஒண்ணையுங் காணமுங்க!"

"அட கொடுமையே!" என்றார் அர்த்தநாரி. சிரிப்பை அடக்குவதற்காக உதட்டைக் கடித்ததில் கண்ணீரே வந்துவிட்டது. "போச்சா? அடடா. எத்தன நல்ல பொட்டி!"

"கொமரகுருகிட்டக் கேட்டேன். டிஸ்க்கு போயிருக்கும், வெளியூருல இருந்து சாமான் வாரதுக்கு மாசக்கணக்காகும், அது வரைக்கும் யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லிருச்சு. பொட்டியப் பூட்டிச் சாவிய எடுத்து வெச்சுட்டேன்."

"ரொம்ப நல்லது அம்மிணி. தொடக்கூடாது. தொட்டாக் கெட்டுப்போகும்."

"ஆனா பாருங்க, மேக்கால தெருவுல போன வாரந்தான் நூல் கோன் மூட்டையத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. இப்ப நம்முளுக்கு ரெக்கார்டும் இல்ல. இனி நீங்கதான் காவல்."

"நானா?"

"பின்ன, நானா மீசை வெச்சிருக்கேன்? வெடியால ஒரு மணி நேரம், பொழுதோட ஒரு மணி நேரம். பட்டறையச் சுத்தி, கெணத்து மேட்டு வழியா, தென்னந்தோப்ப ஒரு வட்டம் அடிச்சு வாங்க. கையில தடி வெச்சுக்குங்க. நின்னுக்கிட்டே இருந்தாத் திருடனுக்குப் பயம் வராது. நடந்துக்கிட்டே இருக்கோணும். ஆங், பின்கதவுக்குப் பெரிய பூட்டாப் போட்டுட்டேன்."

அர்த்தநாரி வாயைத் திறந்தார். என்ன சொல்வது? டிஸ்க்கு சாகவில்லை, நான்தான் அட்டை வைத்தேன் என்றா? போய்த் தடியை எடுத்தார்.

டாக்டர் சொன்னது ஒரு வேளை. சௌந்திரம் போட்டது இரண்டு வேளை. அர்த்தநாரி தடியும் கையுமாகச் சுற்றினார். முதல் வாரம் குமரகுருவைத் திட்டிக்கொண்டு நடந்தார். அடுத்த வாரம் கேமரா கண்டுபிடித்தவனைத் திட்டினார். சாவியைக் கேட்டுப் பார்த்தார். "நானே ஒருக்கா ரப்பர்ல தேச்சுப் பாக்கறனே?" என்றார். "உங்களுக்கெப்படீங்க ரப்பர்ல தேக்கறது தெரியும்?" என்று சௌந்திரம் கேட்டாள். அதோடு சாவிப் பேச்சு நின்றது.

பக்கத்து வீட்டு நல்லம்மாள் சாணி கரைத்துக்கொண்டே தினமும் இவரைப் பார்ப்பாள். "ஏஞ்சாமி, இப்படிச் சுத்தறீங்களே, என்னத்தையாச்சும் தொலைச்சுப்போட்டீங்களா?"

"தூக்கத்தத் தொலைச்சுட்டேனுங்க."

"அது தோப்புக்குள்ளயா கெடைக்கும்?"

ஆனால் ஒன்று. நாளாக நாளாகத் திட்டுவதற்கு ஆள் தீர்ந்துபோயிற்று. மூச்சு வாங்குவதும் நின்றது. வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவியது. காலில் எந்நேரமும் குத்திக்கொண்டிருந்த எரிச்சல் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. ராத்திரி படுத்தால் விடிந்துதான் முழிப்பு வந்தது.

மூன்று மாசம் கழித்து டாக்டர் ரிசல்ட்டைப் பார்த்தார், அர்த்தநாரியைப் பார்த்தார், மறுபடியும் ரிசல்ட்டைப் பார்த்தார். "என்னங்க பண்ணுனீங்க? பாதிக்குப் பாதி கொறஞ்சிருக்குது! ஊசி வேண்டாம். இதையே விடாமப் பண்ணுங்க."

"ஊசி வேண்டாமுங்களா?"

"வேண்டாம்."

"இன்னொருக்காச் சொல்லுங்க."

வரும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். தூசி என்று சௌந்திரத்திடம் சொன்னார். அவள் சரிங்க என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் சௌந்திரம் செருப்பைக்கூடக் கழற்றாமல் டிவியைப் போட்டாள். திரையில் அர்த்தநாரி தடியோடு நடந்தார். சட்டை மாறியது, அதே நடை. மழை பெய்தது, குடையோடு நடந்தார். ஒரு நாள் நாய் துரத்த ஓடினார். நாள் போகப்போகத் தொப்பை கரைவது அப்பட்டமாகத் தெரிந்தது.

"இது... இது எப்படி? டிஸ்க்குதான் செத்துப்போச்சே!"

"அதுக்கென்னங்க கேடு? கல்லாட்டம் இருக்குது." மடியிலிருந்து ஒரு அட்டைத் துண்டை எடுத்து அவர் கையில் வைத்தாள். "பத்து நாள் கழிச்சுக் கொமரகுரு வந்து கழட்டி எடுத்துக் குடுத்துச்சு. அட்டைய ஓரத்துலயா நறுக்குவாங்க? தறியில மாட்டறதுக்குன்னு பெரிய ஓட்ட இருக்கற எடமாப் பாத்து நறுக்கியிருக்கறீங்க. அந்தக் கம்பியெல்லாம் ஓட்ட வழியாத் தலைய நீட்டி நல்லாத் தொட்டுக்கிட்டு ஓடியிருக்குது. ஒரு நாள்கூட ரெக்கார்டு நிக்கலீங்க."

அர்த்தநாரி ஓட்டை வழியாகப் பார்த்தார். அந்தப் பக்கம் சௌந்திரம் தெரிந்தாள்.

"பொறந்ததுல இருந்து அட்டையோட பொழங்கறவன் நானு..."

"அது மட்டுமா? ஸ்டூல் போட்டது, அட்ட நறுக்குனது, எல்லாம் ஆனப்புறந்தான சுச்சை அணைச்சீங்க? அது வரைக்கும் ஆபீஸ் ரூம் கேமரா சும்மாவா இருந்துச்சு? அன்னைக்குப் பொழுதோடயே பாத்துட்டேன்."

"பாத்துட்டா ரெக்கார்டு இல்லீன்னு சொன்ன? விழுந்து விழுந்து சிரிச்சிருப்பியே?"

"சிரிக்கல." சௌந்திரம் டிவியை நிறுத்தினாள். "மாமனாருக்குச் சக்கரையில கால எடுத்தப்ப ஆஸ்பத்திரியில பக்கத்துல இருந்தது நாந்தானுங்க. உங்களையும் அப்படி வெச்சுப் பாக்க என்னால முடியாது. நட நடன்னு சொன்னா நடக்க மாட்டீங்க. நீங்க என்னைய ஏமாத்தறதா நெனச்சாத்தான் நடப்பீங்க."

அர்த்தநாரி அணைந்த திரையைப் பார்த்தார். அப்பாவின் கட்டில் கண்ணுக்குள் வந்தது. தினமும் வெடியால இந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, தான் ஒரு சுற்று முடித்து வருகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள் இந்தப் பெண்பிள்ளை. அவர் மீசையையும் மறந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ நல்லா இருக்கோணும் சௌந்திரம். ஊசியில இருந்தும் காப்பாத்திட்ட, காலையும் காப்பாத்திட்ட. நான் குடுத்து வெச்சவன். இனி நீ என்ன சொன்னாலும் ஒரு பேச்சு எதுத்துப் பேச மாட்டேன். இது சத்தியம்."

"நெசமாவா?"

"அர்த்தநாரி சொன்னாச் சொன்னதுதான்."

சௌந்திரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அப்பச் சரிங்க. உங்களுக்கு ஊசி இல்லாமச் சரியாகோணும்னு திருச்செங்கோட்டு மலைக்கு வேண்டிக்கிட்டேன். நாளைக்கு வெள்ளன போயிட்டு வந்துரலாம்."

"தாராளமாப் போலாம்! மலை மேல வரைக்கும் பஸ் போகுதுல்ல?"

"போகுதுங்க. அதுல நான் வாரேன், நீங்க படியேறி வாங்க."