நைஜல் குழாய் மாட்டிய படம்

க்ராய்டன்,
9 நவம்பர் 1975

மரியாதைக்குரிய ஹெஸ்டர் அக்காவுக்கு,

தம்பி வில்ஃப்ரெட் எழுதுவது. நானும் என் மனைவி மேவிஸும் சுகம். விட்பியின் கடற்காற்றில் உன் முழங்கால் வலி கொஞ்சம் அடங்கியிருக்கும் என்று நம்புகிறோம். என் மகன் நைஜல் ஒரு சினிமாவில், குளித்துக்கொண்டிருக்கும் பெண்ணின் பக்கத்தில் நிற்கிறான் என்று யாராவது உன் காதில் போடுமுன் நானே சொல்லிவிடுகிறேன். நிற்கிறான். ஆனால் நடந்தது வேறு.

பக்கத்துத் தெருவில் ஒரு பெரிய வீட்டைப் பிடித்து சினிமா எடுத்தார்கள். ஒரு இளம் பிளம்பர் வீடு வீடாகப் போகிறான், குழாயைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கவனிக்கிறான், கதை அவ்வளவுதான். பிளம்பராக நடித்தவன் சோப்பில் வழுக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டான். அந்த நேரம் பார்த்துத் தொட்டிக் குழாய் நிஜமாகவே ஒழுக, நிஜ பிளம்பரான நைஜலைக் கூப்பிட்டார்கள். இவன் பையோடு உள்ளே போனால் தொட்டி நிறைய நுரை, நுரைக்கு நடுவே ஒரு நடிகை. டைரக்டர் மூச்சுவிடாமல் காமிராவை ஓடவிட்டிருக்கிறார். இவனைப் புது நடிகன் என்று நினைத்து அவள் கண்ணைச் சிமிட்டி, "வாங்க, இங்க எல்லாமே ரொம்ப சூடா இருக்கு" என்றாள். நம் பிள்ளை, "அப்ப கோளாறு பாய்லர்ல. காலைக் கொஞ்சம் நகத்துங்கம்மா, வாஷர் உள்ள விழுந்துடுச்சு" என்று நுரைக்குள் கையை விட்டுத் துழாவ, "ஐயோ, அது வாஷர் இல்ல!" என்று அவள் கத்த, "மன்னிச்சுக்குங்கம்மா" என்று இவன் தொடர்ந்து துழாவி, கடைசியில் வாஷரை எடுத்தே விட்டான். விழுந்து விழுந்து சிரித்தவர்கள், அவன் சம்மதத்தோடு அதை அப்படியே படத்தில் வைத்துவிட்டார்கள்.

படம் வெளிவந்ததும் சிக்கல் எங்களுக்குத்தான். நைஜலுக்கு நிச்சயம் ஆகியிருக்கும் பெண் கிளெனிஸ், எங்கள் சேப்பல் பாதிரியார் பியூவின் மகள். அவரோ போன வாரம்தான் அந்தப் படத்தைத் திட்டிப் பிரசங்கம் செய்தார். எவ்வளவு மோசம் என்று பார்த்துவிடலாம் என நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு மதியக் காட்சிக்குப் போனேன். குளியல் கட்டம் வந்ததும் பின்வரிசையில் ஒருவர் நாற்காலியே ஆடும்படி சிரித்தார். படம் முடிந்து விளக்குப் போட்டார்கள். திரும்பினால் பாதிரியார்.

"நான் கண்டிக்கத்தான் வந்தேன், டாப்ஸ்காட்."

"நானும் அதுக்குத்தாங்க ஐயா. மொதல் தடவையா?"

அவர் வெகுநேரம் மூக்கைச் சிந்தினார். பிறகு என் தோளில் கை வைத்து, "அவ்வளவு நுரைக்கு நடுவுல உங்க பையன் வாஷரைத் தவிர எதையுமே தேடல. என் பொண்ணுக்கு இவனை விட்டா எவனைப் போய்ப் பாக்கறது?" என்றார்.

கிளெனிஸுக்கு ஒரே ஒரு குறை. "குனிஞ்சா பின்னாடி பாதி தெரியுது மாமா. கல்யாணம் ஆகட்டும், நீளமா சட்டை வாங்கிக் குடுக்கறேன்" என்றாள்.

ஆகவே கல்யாணம் உறுதி. அக்கா, நாம் மானமுள்ள குடும்பம். இனி டாப்ஸ்காட் வீட்டு ஆள் எவனும் சினிமா இருக்கும் திசையில் தலைவைத்துப் படுக்க மாட்டான். நீயும் அந்தப் படத்தைப் பார்க்காதே.

ஆண்டவர் உன்னையும் உன் முழங்காலையும் காக்கட்டும்.

அன்புத் தம்பி,
வில்ஃப்ரெட் டாப்ஸ்காட்

பி.கு.: உறையை ஒட்டும்போது அந்த டைரக்டர் வந்து நின்றார். அடுத்த படத்தில் பிளம்பரின் அப்பா மாடிப்படியில் கால்சட்டை நழுவி நிற்க வேண்டுமாம். முடியவே முடியாது என்றேன். மேவிஸ், "வீட்ல தெனம் நடக்கறதுதானே, ஊரும் பாக்கட்டும்" என்றாள். திங்கட்கிழமை ஆரம்பம். அப்பாவின் பழைய கம்பளி உள்கால்சட்டை உன்னிடம் இருந்தால் உடனே தபாலில் அனுப்பு. பொத்தான் தைக்காதே.