கெலெப்பி குடித்த ஓட்டாய்

எங்கள் வவாவு தீவில் ஞாயிறு ஆராதனைக்குக்கூட அவ்வளவு கூட்டம் கிடையாது. சனிக்கிழமை காலையில் பேயோட்டி வைத்தியம் பார்க்கிற கெலெப்பி வீட்டு முற்றத்தில் நிற்க இடமிருக்காது! அவன் சொல்படி, சர்க்கரை வியாதி என்று ஒன்றே இல்லையாம். கோபித்துக்கொண்ட மூதாதையர் ஆவிதான் ரத்தத்தில் புகுந்து இனிக்கிறதாம். அடேங்கப்பா, ஆவிக்கு என்ன ருசி!

பெரிய மனிதரைப் பார்க்க வெறுங்கையோடு போகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. அதனால் நோயாளி தன் கையாலேயே தர்பூசணியைத் துருவி, தேங்காய்ப்பால் விட்டு, ஓட்டாய் என்கிற எங்கள் ஊர்ப் பானத்தைக் கலந்து படைக்கவேண்டும். கெலெப்பி அதை ஒரே மூச்சில் குடிப்பான். துருவின நோயாளியின் ஈரக்கை விரலிலேயே குத்தி, சர்க்கரை பார்க்கிற மெஷினில் பார்ப்பான். இருபத்தெட்டு! எங்கள் ஊர் மெஷின் கணக்கில் ஏழுக்கு மேல் போனாலே நர்ஸ் முறைப்பாள். பிறகு மந்திரித்த கடல்நீரில் கையை முக்கி, மறுபடி குத்துவான். பதினாலு!

"பாதிப் பேய் ஓடிருச்சு! மாத்திரையைத் தூக்கிப் போடு!"

அல்லேலூயா! நானும் கை தட்டினேன், வெட்கக்கேடு.

அப்படி இருபத்தெட்டிலிருந்து பதினாலுக்கு இறங்கிய என் தங்கை புருஷன் பிலிமோனே, மீன்பிடிக்கிறவன், மாத்திரையைக் கடலில் வீசினான். மூன்று வாரத்தில் கால் கட்டைவிரல் கறுத்துப் புண்ணானது. இனியும் தள்ளிப்போட்டால் காலே போய்விடும் என்றாள் நர்ஸ். அவனோ இன்னொரு தர்பூசணியோடு கெலெப்பியிடமே கிளம்பினான். தங்கை லாவினியாவும் கூடவே வந்தாள்.

"அண்ணே, உங்களுக்குப் பேய் உண்டா?" என்று கெலெப்பியைக் கேட்டாள்.

"எனக்கா? காலையிலகூட பார்த்தேன். அஞ்சுதான்!"

"அப்ப இன்னிக்கு நீங்க துருவுங்க. கையைக் கழுவாம குத்திப் பார்ப்போம்."

"நான் எதுக்கும்மா..."

"துருவுய்யா, பயமா?" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்.

துருவினான். லாவினியா குத்தினாள். முப்பத்தொன்று!

"ஐயையோ, நம்ம எல்லாரையும்விட இவருக்குத்தான் பெரிய பேய்!"

முற்றமே சிரித்தது. லாவினியா அவன் கையைச் சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் கழுவி, துடைத்துவிட்டு, மறுபடி குத்தினாள். அஞ்சு!

"விரல்ல ஒட்டுன பழச்சாறைத்தான்யா மெஷின் அளந்திருக்கு! என் புருஷனுக்குக் கடல்நீருக்கு முன்னாடியும் பதினாலுதான், அப்புறமும் பதினாலுதான்!"

"ஆவி கோபப்படும்!" என்றான் கெலெப்பி, வாசலைப் பார்த்தபடி.

"படட்டும். அது வர்றதுக்குள்ள நீ ஓடு!"

பிலிமோனே பாவமாகக் கேட்டான்: "அப்ப எனக்கு எப்படித்தான் வந்துச்சு?"

"பிடிக்கிற நல்ல மீனையெல்லாம் ஓட்டலுக்கு வித்துடறோம். மலிவா கிடைக்குதுன்னு கப்பல்ல வர்ற ஆட்டுக் கொழுப்பை வாங்கித் திங்கிறோம். விருந்துல போதும்னு சொன்னா மரியாதைக் குறைச்சல். நாலு வீடு தள்ளிப் போகவும் வண்டி. இதுக்கு ஆவி வேற வேணுமா? எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்!"

கால் தப்பியது. கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள். அந்த விரலை எந்தப் பேயும் தின்னவில்லை ஐயா. ஒரு கேள்வி கேட்காமல் கை தட்டிய நாங்கள்தான் தின்றோம். நீங்களாவது கேள்வி கேளுங்கள்!