கருப்பட்டி மிட்டாயும் கடைசிக் கட்டமும்

பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் முடிவெடுத்தேன். இனி என் வாழ்க்கையில் யூகத்துக்கே இடமில்லை. தர்க்கம் மட்டும்தான்.

கப்பலூரில் பிளாஸ்டிக் வாளி செய்யும் கம்பெனியில் நான் சூப்பர்வைசர். ஒத்தக்கடையிலிருந்து பஸ்ஸில் போகவர மூன்று மாதமாக செல்போனில் சுடோகு போட்டு மூளையைத் தீட்டி வைத்திருக்கிறேன். போன வாரம் ஒரு மெஷின் நின்றுபோனது. இது இல்லை, அது இல்லை என்று ஒவ்வொன்றாகக் கழித்து, மிஞ்சிய ஒயரைத் தொட்டுக் காட்டினேன். மேனேஜரே கைகொடுத்தார். அப்படிப்பட்ட மூளைக்கு ஒரு டப்பா எம்மாத்திரம்?

டப்பாவில் இருந்தது மச்சான் பேயாண்டி கொண்டுவந்த கருப்பட்டி மிட்டாய். எனக்குச் சர்க்கரை. அதனால் என் மனைவி செல்லக்கிளி அதை ஒளித்துவிட்டாள்.

"எங்க வச்சிருக்க?"

"நீங்கதான் பெரிய புதிர்க்காரராச்சே. கண்டுபிடிங்க. ரெண்டு துண்டு தாரேன்."

"குறிப்பு குடு. பொய் சொல்லக்கூடாது."

"சமையக்கட்டுல இல்ல. பீரோவுல இல்ல. கட்டிலுக்கு அடியில இல்ல. தரையில நின்னா உங்க கைக்கு எட்டாது."

"இம்புட்டுத்தானா?"

"இம்புட்டுத்தான். மார்க்கெட்டுக்குப் போயிட்டு வாரேன்."

ஒயர்கூடையோடு கிளம்பிவிட்டாள். நான் கழிக்க ஆரம்பித்தேன். மிஞ்சியது பரண். மூன்று வருஷமாக ஒவ்வொரு பொங்கலுக்கும் அவள் சுத்தம் பண்ணச் சொல்வதும், நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகுவதுமாக இருக்கிற அதே பரண். ஆனால் சுடோகு எனக்குச் சொல்லித்தந்த பாடம், கடைசிக் கட்டத்தில் தயங்கக்கூடாது என்பது. ஏறினேன்.

அண்டாவை இறக்கினேன். ஓடாத மிக்ஸி, கல்யாணத்துக்கு வந்த பதினோரு குத்துவிளக்கு, மகள் தமிழ்வாணியின் நடைவண்டி. அவள் இப்போது காலேஜ் போகிறாள். தூசியோடு மிட்டாயைத் தின்ன முடியுமா? துடைத்துக்கொண்டே தேடினேன். ஒட்டடையும் அடித்தேன். பரணே காலியாகிவிட்டது. டப்பாவைக் காணோம்.

செல்லக்கிளி திரும்பி வந்ததும் பரணைத்தான் முதலில் பார்த்தாள்.

"அடேயப்பா! என்னா பளபளப்பு!"

"டப்பா எங்கடி?"

"இம்புட்டு நேரமும் பக்கத்து வீட்டு சீனியம்மாக்கா ஃபிரிட்ஜ் மேல இருந்துச்சு. இப்பத்தான் வாங்கிட்டு வாரேன்."

"இது அழுகுணி ஆட்டம்!"

"நான் என்னங்க பொய் சொன்னேன்? இங்கன நின்னு அக்கா வீட்டுக்குக் கைய நீட்டிப் பாருங்க, எட்டுதான்னு."

நீட்டிப் பார்க்கவில்லை. அவள் முந்தானையால் என் தலையில் இருந்த ஒட்டடையைத் துடைத்துவிட்டாள். ஒரு மிட்டாயை ஒடித்துப் பாதியை என் வாயில் வைத்தாள்.

"இது போதும். எனக்கு நீங்க ரொம்ப நாளைக்கு வேணும்."

இருபத்திரண்டு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறோம். இப்படி அவள் சொன்னதே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோபமெல்லாம் கருப்பட்டியோடு கரைந்தது.

"நானும் ஒண்ணு கழிச்சுப் பாத்தேங்க" என்றாள்.

"என்னத்த?"

"பரண்ல ஏறி எறங்கிட்டீங்க. அப்ப இடுப்பு வலி இல்ல. இடுப்பு வலி இல்லன்னா, வெள்ளையடிக்க வெளியாளு வேணாம். சரிதான?"

பேச்சை மாற்ற, காய்கறி என்ன வாங்கினாள் என்று கூடையை எட்டிப் பார்த்தேன். சுண்ணாம்பும் பிரஷும்தான் இருந்தன.